மெழுகுவர்த்தி வேண்டாம், உளியைப் பற்றிச் சொல்

அன்புள்ள அம்மா,

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பள்ளியின் நடைபாதைச் சுவரில் 'சாதனைப் பெண்கள்' என்று பத்துப் படங்கள் வைக்கப் போகிறோம். பெண்பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் பத்துப் பெயர்களை நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, வந்த குடும்பங்கள். அவர்களுக்கு வீட்டில் பார்த்துப் பின்பற்ற யாரும் இல்லை. பாட்டிமார்கள் எல்லாரும் தியாகச் சுடர்கள்தாம், ஆனால் படிக்காதவர்கள். சினிமா நடிகைகளைச் சேர்க்கலாமா? அரசியலில் இருப்பவர்களைச் சேர்த்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா? என்னை 'நீ' என்றே அழையுங்கள்.

ஓர் இளம் ஆசிரியை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்த வாரம் என் அம்மாவின் திதி. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. படையலுக்கு அவருடைய சேலை ஒன்றை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பழைய துண்டில் சுற்றிய பால்வெட்டு உளி இருந்தது, அம்மா கித்தா (ரப்பர்) மரத்தில் பால் எடுக்கப் பட்டையைச் சீவிய உளி. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உன் கடிதத்தைப் படித்தேன். 'வீட்டில் பார்த்துப் பின்பற்ற யாரும் இல்லை' என்ற வரி வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதை மறைக்கப் போவதில்லை. நீ நல்ல பிள்ளை. மூன்று வருடத்திலேயே மாணவிகளுக்காக இவ்வளவு யோசிக்கிறாய். அதனால்தான் கோபத்தோடு எழுதுகிறேன், வேறு யாராவது என்றால் பேசாமல் இருந்திருப்பேன்.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுவோம். நடிகைகளைப் பற்றி உன் மாணவிகளுக்கு நீ சொல்லித் தர வேண்டியதே இல்லை, அவர்களே உனக்குச் சொல்வார்கள். அரசியல் பற்றிப் பயப்படாதே. யாராவது ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள்.

பெயர்கள் கேட்டாய். ஜானகி ஆதி நாகப்பனை வை. 1943இல் கோலாலம்பூர் கூட்டத்தில் நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டுக் காதில் கிடந்த தங்கத்தைக் கழற்றிக் கொடுத்த பெண். நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணி படையில் சேர்ந்து, அதன் தலைவி கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். ஆனால் அவர் வசதியான வீட்டுப் பெண் என்பதையும் சேர்த்துச் சொல். அதே படையில் கித்தா தோட்டங்களிலிருந்து போன பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். காதில் தங்கமே இல்லாதவர்கள். காலையில் உளி பிடித்த கை, முகாமில் துப்பாக்கி பிடித்தது. போர் முடிந்ததும் பலர் தோட்டத்துக்கே திரும்பினார்கள். அவர்களுடைய பெயர்கள் சுவரில் ஏறாது, ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை. பத்தில் ஒரு சட்டத்தைப் படம் இல்லாமல் காலியாக மாட்டி, அவர்களுக்காக விட்டுவிடேன்.

ராசம்மா பூபாலன் ஈப்போவில் பிறந்தவர், நமக்கு அடுத்த ஊர். அவரும் சிறு வயதில் அதே படைக்குப் போனவர்தான். ஆனால் நீ ஒரு டீச்சர், அவருடைய இன்னொரு வேலை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே மணி நேரம், ஆனால் ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியைக்குக் குறைவு. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்து, அந்தக் கணக்கை விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். 1969இல்தான் அரசாங்க வேலையில் சம ஊதியம் வந்தது. இந்த மாதம் உன் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்.

சிரம்பானில் பிறந்த அம்பிகா சீனிவாசனை வை. வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்தவர். ஐரீன் பெர்னாண்டஸை வை. அவரைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் சொல்கிறேன். மீதியை நூலகத்தில் நீயே தேடு, தேடுவதும் டீச்சர் வேலைதான்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

'தியாகச் சுடர்கள்தாம், ஆனால் படிக்காதவர்கள்' என்று எழுதினாய். ஒரே வரியில் அந்தப் பாட்டிகளைக் கும்பிட்டு வெளியே அனுப்பிவிட்டாய். இந்தத் தியாகம் என்ற சொல்லை நம் ஆட்கள் மேடையில் எவ்வளவு தாராளமாக அள்ளி வீசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறாயா? அன்னையர் தினம் வந்தால் தியாகம். ஆண்டு விழா வந்தால் தியாகம். தன்னை உருக்கி ஒளி கொடுத்த மெழுகுவர்த்தி, பிள்ளைகளுக்காக ஓடாய்த் தேய்ந்தவள், வாயில்லாப் பூச்சி. கேட்கும் பெண்பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? உருக வேண்டும், தேய வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இதையா உன் மாணவிகளிடம் பின்பற்றச் சொல்கிறாய்?

நானும் இந்தத் தப்பைச் செய்தவள். 2006இல் எங்கள் டவுனில் ஒரு சங்கம் பழைய தோட்டத் தொழிலாளர்களைக் கௌரவித்தது. அம்மாவையும் கூப்பிட்டார்கள். 'நீங்கள்தான் எழுதுகிறவராயிற்றே, அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்' என்றார்கள். உட்கார்ந்து எழுதினேன். மெழுகுவர்த்தி வந்தது. ஓடாய்த் தேய்ந்தது வந்தது. கிழிந்த சேலை, பட்டினி, கண்ணீர் எல்லாம் வந்தன. அறிவிப்பாளர் உருக்கமாகப் படித்தார். சபையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார். "ஏம்மா, நான் மரம் வெட்டினதப் பத்தி ஒண்ணுமே எழுதலியே? என்னமோ முப்பது வருசமும் அழுதுகிட்டே இருந்த மாதிரி படிச்சாங்க."

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

மரம் வெட்டுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா கண்ணு? உன் தலைமுறைக்குச் செம்பனை மட்டும்தான் தெரியும். கித்தா மரத்தின் பட்டைக்குள்தான் பால் ஓடும் குழல்கள் இருக்கின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய படலம் ஒன்று உண்டு. மரம் வளர்வது அதிலிருந்துதான். உளி அந்தப் படலத்தின் கிட்டத்தில் போக வேண்டும், அப்போதுதான் பால் வரும். தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் மறுபடி வளரும், அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் சீவ வேண்டிய பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவு மாறாமல் கோடு இறங்க வேண்டும். சரிவு தப்பினால் பால் கோட்டை விட்டு வெளியே வழிந்து மண்ணுக்குப் போய்விடும். இதையெல்லாம் விடியும் முன்பே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடிக்கு நடுவில் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரின் அழுத்தம் குறைந்து பால் சுருங்கிவிடும். ஒரு தீம்பாரில், அதாவது ஒரு ஆளுக்கு ஒதுக்கிய மரங்களின் பகுதியில், ஐந்நூறு மரம் போல இருக்கும். ஐந்நூறு மரத்திலும் அதே ஒன்றரை மில்லிமீட்டர். அளவுகோல் கிடையாது, மணிக்கட்டுதான்.

எங்கள் தோட்டத்தில் புதிதாக உளி பிடிக்கிறவர்களை மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், அம்மாவிடம்தான் அனுப்புவார். இளந்தாரி ஆண்களும் வருவார்கள். அம்மா அவர்கள் சீவிப் போட்ட பட்டையைக் கீழேயிருந்து பொறுக்கி விரலால் நிமிண்டிப் பார்ப்பார். "தூள் தூளா வந்தா உளி மழுங்கிப் போச்சு. கனமா வந்தா ஒனக்குப் பொறுமை இல்ல. திரும்ப வெட்டு." அவ்வளவுதான் பாடம். பிறகு எனக்குப் பயிற்சிக் கல்லூரியில் எத்தனையோ விரிவுரையாளர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மாணவனின் தப்பைக் கையில் எடுத்து, அதிலிருந்தே காரணத்தைக் காட்டிய ஆசிரியரை நான் அந்தத் தீம்பாரில்தான் பார்த்தேன்.

படிக்காதவர் என்றாயே. எங்கள் லயத்து வீட்டில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், கதவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கரிக்கோடுகள் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வந்ததும், பசியாறுவதற்கு முன்னால், கோடு போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. நீளக் கோடு பத்து பவுண்டு, குட்டைக் கோடு ஒன்று, மழையால் வேலை நின்ற நாளுக்கு ஒரு வட்டம். சம்பள நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கிராணியின் (தோட்டத்துக் கணக்கரின்) கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு மாதம் கணக்கு உதைத்தது. மூன்று நாள் எடை குறைவாக எழுதியிருந்தது. பின்னால் வரிசையில் நிற்கிற ஆண்கள் எல்லாம் "விடு, வா, வம்பு எதுக்கு" என்றார்கள். அம்மா நகரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "அந்த மூணு நாளுக்கும் சுவரு இருக்குங்க. வந்து பாருங்க" என்றார். கிராணி வரவில்லை. ஆனால் கணக்கைத் திருத்திக் கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து எங்கள் லயத்தில் நான்கைந்து வீட்டுச் சுவர்களில் கோடுகள் வந்தன.

நீ சொல்லு. இது தியாகமா? இது தொழில் தெரிந்த, கணக்கு தெரிந்த, எங்கே நின்று பேச வேண்டும் என்று தெரிந்த ஒரு பெண். நான் எழுதிய அந்த ஒரு பக்கத்தில் இதில் ஒரு சொல்கூட இல்லை. பட்டினி இருந்தது உண்மை. கிழிந்த சேலையும் உண்மை. ஆனால் பட்டினியைச் சொன்னால் சபை அழும், எடைக் கணக்கைச் சொன்னால் அழாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. சபை அழுவதற்காக அம்மாவின் மூளையை நான் விட்டுவிட்டேன்.

கஷ்டத்தை மறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா களைக்கொல்லி மருந்தடிக்கிற வேலைக்குப் போனார். முதுகில் தொட்டி, மூக்கில் கட்ட ஒரு பழந்துணி. விரல் நகமெல்லாம் நிறம் மாறி உதிர்ந்தது. அவரைப் பற்றிப் பேசினால் உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஐரீன் பெர்னாண்டஸும் அவருடைய தெனாகனித்தா அமைப்பும் உச்சுக் கொட்டவில்லை. மருந்தடிக்கிற பெண்களிடம் போய் உட்கார்ந்து, என்ன மருந்து, எத்தனை மணி நேரம், உடம்பில் எங்கே என்ன செய்கிறது என்று கேட்டு எழுதினார்கள். பாராகுவாட் என்ற மருந்தை நிறுத்தப் போவதாக 2002இல் அரசாங்கம் அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரியில்தான் முழுத் தடை வந்தது. குடியேறிய தொழிலாளர்களின் தடுப்பு முகாம்களைப் பற்றியும் ஐரீன் அப்படித்தான் கேட்டு 1995இல் எழுதினார். அதற்காக வழக்கு, 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, மேல்முறையீட்டில் 2008இல் விடுதலை. சுங்கை பட்டாணியில் பிறந்த பெண் அவர். அவர் படத்துக்குக் கீழே 'தியாகி' என்று எழுதாதே. 'கேட்டார், எழுதினார்' என்று எழுது.

1941இல் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய கிள்ளான் வேலை நிறுத்தத்தையும் பிள்ளைகளுக்குச் சொல். கூலி உயர்வோடு சேர்த்து, தோட்டத்துப் பெண்களிடம் அதிகாரிகள் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அப்போது கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. இந்த இரண்டும் எந்த வீட்டு அடுப்படியிலிருந்து புறப்பட்டிருக்கும் என்று உன் மாணவிகளையே கேட்டுப் பார்.

பத்துப் படத்தையும் மாட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை செய். ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பி, பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரச் சொல். 'என்ன கஷ்டப்பட்டீர்கள்' என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பாட்டியும் மேடைப் பேச்சுதான் பேசுவார், அவருக்கும் அதைத்தான் பழக்கியிருக்கிறோம். 'உங்களுக்கு என்ன வேலை நன்றாகத் தெரியும், அதை எப்படிச் செய்வீர்கள்' என்று கேட்கச் சொல். ஆயாக்கொட்டகையில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், இருபது குழந்தைகளை ஒரே நேரத்தில் எப்படித் தூங்க வைத்தார் என்று ஒருத்தர் சொல்வார். நிறை வாளியைக் காண்டாவில் (தோளில் வைக்கும் காவடிக் கம்பில்) தூக்கிக்கொண்டு சரிவில் பால் சிந்தாமல் எப்படி இறங்குவது என்று இன்னொருத்தர் எழுந்து நடந்தே காட்டுவார். பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். அளவு, நேரம், எண்ணிக்கை எல்லாம் எழுதட்டும்.

அம்மாவின் உளியை வாங்கிப் போக வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வா. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதே. உன் பள்ளிப் பாட்டிகளில் மரம் வெட்டியவர் ஒருவராவது இருப்பார், அவர் கையில் கொடுத்துப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வை. சாணைக் கல்லில் நேற்று நானே தீட்டினேன். அம்மா அளவுக்கு வரவில்லை, ஆனாலும் கூர்தான். பிள்ளைகள் விரல் பத்திரம்.