மதுவை நிறுத்தியவர் சிகரெட்டைத் தொடர்ந்தால் கணையத்துக்கு என்ன ஆகும்?

நாள்பட்ட கணைய அழற்சி (கணையம் நெடுநாள் புண்பட்டு மெல்லத் தழும்பேறும் நோய்) உள்ள உங்கள் உறவினர் மதுவை அடியோடு நிறுத்திவிட்டார், நாளொன்றுக்குச் சில சிகரெட் மட்டுமே பிடிக்கிறார், அதனால் கெடுதல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அதுவும் கணிசமாகவே உண்டு. குடிப்பவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்களாகவும் இருப்பதால், பழி முழுவதும் நெடுங்காலம் மதுவின் மேலேயே விழுந்துவந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், மதுவின் விளைவைக் கழித்த பிறகும், புகைப்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிடச் சுமார் 2.5 மடங்காக இருந்தது. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட்டுக்கும் குறைவாகப் பிடித்தவர்களுக்கே அது 2.4 மடங்கு என்பதால், ‘சில மட்டும்’ என்பதில் ஆறுதல் கொள்ள இடமில்லை. பழக்கத்தை விட்டவர்களுக்கு அது 1.4 மடங்காகத் தாழ்ந்திருந்தது.

கணையச் சாறு செல்லும் குழாய்களான கணைய நாளங்களின் உட்சுவரில் உள்ள செல்கள் பைகார்பனேட் என்னும் காரப்பொருள் கலந்த நீரைச் சுரந்து, செரிமான நொதிகளைச் சிறுகுடலுக்கு அடித்துச் செல்கின்றன. புகைப்பவர்களிடம் இச்சுரப்பு குறைவாக இருப்பது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. சாறு கெட்டிப்பட்டால் அதிலுள்ள புரதம் திரண்டு நாளத்தை அடைக்கும். அதன்மேல் சுண்ணாம்புச்சத்து படிந்து கல்லாகும். இன்னொரு பக்கம், புகையிலுள்ள நச்சுப்பொருள்கள் தழும்புத் திசுவை உருவாக்கும் செல்களையும் தூண்டிவிடுகின்றன. என் சித்தப்பாவின் சி.டி. ஸ்கேன் படத்தில் உப்பைத் தூவியதுபோல் தெரிந்த வெண்புள்ளிகளைப் பேனா முனையால் தொட்டுக் காட்டிய மருத்துவர், குடியை விட்டது நல்லதுதான், ஆனால் இந்தக் கற்கள் வளர சிகரெட் ஒன்றே போதும் என்றார்.

மதுவால் இந்நோய் வந்தவர்களைப் பற்றி 2005-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், புகைப்பவர்களுக்கு நோய் சராசரியாக ஏறக்குறைய 5 ஆண்டு முன்னதாகவே கண்டறியப்பட்டிருந்தது. சுண்ணாம்புப் படிவும் நீரிழிவும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. புற்றுநோயைப் பொறுத்தவரை, பரம்பரைக் கணைய அழற்சி உள்ளவர்கள் புகைத்தால் கணையப் புற்றுநோய் அவர்களுக்கு ஏறத்தாழ 20 ஆண்டு முன்னதாக வந்துவிடுகிறது.

இன்றே நிறுத்தினாலும் விழுந்த தழும்பு மறையாது, உருவான கல் கரையாது, வலியும் உடனே அடங்கிவிடும் என்று உறுதி கூற முடியாது. நோய் முற்றும் வேகத்தைத்தான் குறைக்க முடியும். எனினும் மிச்சமிருக்கும் கணையத்தைக் காப்பாற்ற நோயாளியின் கையில் இருக்கும் வழிகள் மிகச் சிலவே என்பதால், இதை நான் சிறிய ஆதாயமாகக் கருதவில்லை. வலி மிகும்போது கை தானாகச் சிகரெட்டைத் தேடும் என்பதால், மன உறுதியை மட்டும் நம்பாமல் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, புகைக்கும் வேட்கையைக் குறைக்கும் வாரெனிக்லின் மாத்திரை போன்றவற்றை மருத்துவரிடம் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். அவர் இன்சுலின் போடுபவராக இருந்தால், புகையை நிறுத்தியதும் அதன் தேவை மாறக்கூடும். அந்த வாரங்களில் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.