கட்டம் போட்ட துணி முழுக்கப் பழுது என்று கமரா காட்டினால்

வணக்கம் தம்பி. கட்டம் போட்ட சாரத் துணியில், பழுது தேட வைத்த கமரா நல்ல இடத்தையும் பழுது என்கிறது, ஹட்டனில் பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் இன்னும் மோசம் என்று எழுதியிருந்தீர்கள்.

பழுதில்லாத துணியின் ஒரே ஒரு படத்தை வைத்து, புதிய படம் ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கழித்துப் பார்க்கிறீர்கள் அல்லவா, தொல்லை அங்கேதான். உருளையில் ஓடும் துணி இழுபடும், சரியும். கோடு இரண்டு பிக்சல் நகர்ந்தாலே கோடு முழுக்கப் பழுதாகத் தெரியும்; உண்மையில் அறுந்த ஊடை நூல் (அகலவாட்டில் ஓடும் நூல்) அதற்குள் மறைந்துபோகும்.

அதற்குப் பதிலாக, புதிதாக எடுத்த படத்தைத் தன் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒப்பிடுங்கள். எத்தனை பிக்சலுக்கு ஒருமுறை கட்டம் திரும்பி வருகிறது என்பது கிடைத்துவிடும். அந்த அளவில் வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிடுங்கள். துணி இழுபட்டால் பக்கத்துக் கட்டமும் சேர்ந்தே இழுபடும், அதனால் பொய் எச்சரிக்கை குறையும். ஒன்று கவனம்: பாவில் (நீளவாட்டில் ஓடும் நூல்களில்) நிறம் மாறிய நூல் ஒன்று நீளத்துக்கும் ஓடினால், மேலும் கீழும் ஒப்பிட்டு அது பிடிபடாது. அகலவாட்டிலும் ஒப்பிட வேண்டும்.

ஆனால் முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். யன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, கமராவின் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஒரு லைட்டைத் துணியோடு ஒட்டியபடி சாய்வாக வையுங்கள். எங்கள் செக்கிங் அக்கா டோர்ச்சை அப்படிச் சாய்த்துப் பிடித்துத்தான் முடிச்சுகளைக் காட்டித் தந்தார். கடுகளவு முடிச்சுக்கும் நீளமாக நிழல் விழும்.

மாற்றிய பிறகு காலையில் ஒரு படம், பின்னேரம் ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.