ஒரே ஆள், இரண்டு வரிசை: பாயிங்க் புள்ளிவிவரம் பற்றிய கேள்வி பதில்

வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை பாயிங்க் (BOINC) என்ற மென்பொருள் வழியாக அறிவியல் திட்டங்களுக்குக் கொடுக்கிற நண்பர்கள் பலருக்கும் ஒரே குறைதான்: உழைப்பு என்னுடையது, ஆனால் கூட்டிக் காட்டும் இடத்தில் அது என் பெயரில் முழுசாக வரவில்லை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, மூன்று திட்டத்திலும் ஒரே பெயரில்தான் சேர்ந்தேன். ஆனால் எல்லாத் திட்டத்துப் புள்ளிகளையும் கூட்டிக் காட்டும் பாயிங்க்ஸ்டாட்ஸ் தளத்தில் நான் இரண்டு ஆளாக வருகிறேன். பெயர் ஒன்றுதானே, ஏன் சேர்க்கவில்லை?

பெயரை வைத்து யாரும் சேர்ப்பதில்லை தம்பி. பாயிங்க் திட்டங்களில் ஒரே பெயரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பெயரை நம்பிக் கூட்டினால் யாரோ ஒருவரின் கிரெடிட், அதாவது செய்த வேலைக்குக் கிடைத்த புள்ளி, இன்னொருவர் கணக்கில் போய் விழும். அதற்காகத்தான் சிபிஐடி (CPID, திட்டங்களுக்கு இடையே ஆளை அடையாளம் காட்டும் குறி) என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், எழுத்தும் எண்ணும் கலந்த 32 இடம் கொண்ட அடையாளம். ஒவ்வொரு திட்டமும் தினம் ஒருமுறை போல தன் பயனர், அணி, கணினி விவரங்களை எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியிடும். புள்ளிவிவரத் தளங்கள் அதை எடுத்து, சிபிஐடி ஒன்றாக இருப்பவற்றை ஒரு ஆளாகக் கூட்டுகின்றன. உங்களுக்கு இரண்டு சிபிஐடி இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: அந்த எண்ணை யார் கொடுக்கிறார்கள்? எங்கே போய் மாற்றச் சொல்லிக் கேட்பது?

கேட்க ஆளே கிடையாது. பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான ஒரு பதிவேடு எங்கும் இல்லை. ஒவ்வொரு திட்டமும் தனி சர்வர், தனி தரவுத்தளம். நீங்கள் ஒரு திட்டத்தில் கணக்குத் தொடங்கியதும் அது தன் பாட்டுக்கு ஒரு சிபிஐடி உருவாக்கிவிடும், பக்கத்துத் திட்டத்தில் நீங்கள் ஏற்கெனவே இருப்பது அதற்குத் தெரியாது. தெரிய வைப்பது உங்கள் கணினியில் ஓடுகிற பாயிங்க் மென்பொருள்தான். அது ஒவ்வொரு திட்டத்தோடும் பேசும்போது அந்தக் கணக்கின் சிபிஐடியையும், மின்னஞ்சல் முகவரியின் ஹாஷையும் (முகவரியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறியீடு), கணக்கு தொடங்கிய நேரத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரே மின்னஞ்சல் ஹாஷ் உள்ள கணக்குகளில் எது பழையதோ அதன் சிபிஐடியை மற்றத் திட்டங்களிடம் சொல்லும், அவையும் அதையே ஏற்றுக்கொள்ளும். ஆக, செய்தியைத் தூக்கிக்கொண்டு போவது உங்கள் கணினி. ஒரு கணினியில் இரண்டு திட்டம், வேறு கணினியில் மூன்றாவது திட்டம் மட்டும் என்று ஓட்டினால் அந்த இரண்டு பக்கமும் சந்திக்கவே வழியில்லை.

எனவே செய்ய வேண்டியது இரண்டு. எல்லாத் திட்டத்திலும் மின்னஞ்சல் ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். பிறகு ஒரே ஒரு கணினியில் எல்லாத் திட்டத்தையும் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் 'அப்டேட்' கொடுங்கள், ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று. வேலை வாங்க விருப்பமில்லாத திட்டத்துக்குப் புது வேலை வேண்டாம் என்று வைத்துவிட்டாலும் பேச்சு நடக்கும். அதன்பின் பொறுமை வேண்டும்: திட்டம் அடுத்த கோப்பை வெளியிட்டு, தளம் அதை வாங்கிய பிறகுதான் மாற்றம் தெரியும்.

கேள்வி: என் சிபிஐடியை யாராவது பார்த்துத் திருடி, என் கிரெடிட்டோடு ஒட்டிக்கொள்ள முடியுமா?

நல்ல கேள்வி. வெளியே தெரிகிற எண்ணும் சர்வருக்குள் இருக்கிற எண்ணும் வேறு வேறு. உள்ளே இருப்பதோடு உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்து எம்டி5 என்ற முறையில் ஹாஷ் போட்டு வருவதைத்தான் கோப்பில் வெளியிடுகிறார்கள். வெளியே தெரிவதைப் பார்த்து உள்ளிருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது, எப்படியோ உள்ளிருப்பது கிடைத்தாலும் திருடுபவரின் மின்னஞ்சல் வேறு என்பதால் ஹாஷும் வேறாக வரும்.

இதே காரணத்தால்தான் ஒரு திட்டத்தில் மட்டும் மின்னஞ்சலை மாற்றினால் நீங்கள் உடனே பிரிந்துபோகிறீர்கள். மாற்றுவதென்றால் ஒரே நாளில் எல்லா இடத்திலும் மாற்றிவிடுங்கள். நான் இரண்டு திட்டத்தில் மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்துவிட்டேன், பல வாரம் கழித்துத்தான் என் மொத்தம் குறைந்திருப்பதே கண்ணில் பட்டது.

கேள்வி: வேற்றுக்கிரக அறிவுயிர்களைத் தேடிய செட்டி@ஹோம் (SETI@home) காலத்துக் கிரெடிட் எனக்கு நிறைய இருக்கிறது. அது போய்விடுமா?

1999 முதல் ஓடியவர்களுக்கு அந்தத் திட்டத்தின் மேல் இருக்கிற பாசம் எனக்குப் புரிகிறது. அது 2020 மார்ச் 31-ல் புது வேலை அனுப்புவதை நிறுத்தியது, ஆனால் வாங்கிய கிரெடிட் அழிவதில்லை. பொதுவாக ஒன்று சொல்கிறேன். ஒரு திட்டத்தின் சர்வர் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டால் அங்கே உங்கள் சிபிஐடி அன்றிருந்தபடியே உறைந்துவிடும். பிறகு அதை மற்றவற்றின் பக்கம் இழுக்க முடியாது, மற்றவற்றைத்தான் அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். அந்தக் கணக்கு உங்களுடையவற்றில் மிகப் பழையது, மின்னஞ்சலும் மாறவில்லை என்றால், பழைய கணினியில் அந்தத் திட்டத்தை நீக்காமல் வைத்துக்கொண்டே மற்றத் திட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள். நீக்கிவிட்டால் அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கிற கடைசி இடமும் போய்விடும். மூடப்போவதாக ஒரு திட்டம் அறிவித்தால், முதல் வேலையாக உங்கள் சிபிஐடி ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே திட்டத்தில் தெரியாமல் இரண்டு கணக்கு தொடங்கிவிட்டேன். இணைக்கலாமா?

கணினிகளை இணைக்கலாம், கணக்குகளை இணைக்க முடியாது. பழையதை அப்படியே விட்டுவிட்டு ஒன்றில் மட்டும் தொடருங்கள்.

கேள்வி: புரத ஆய்வுக்குக் கணினி நேரம் கொடுக்கும் ஃபோல்டிங்@ஹோம் புள்ளிகளும் இதில் சேருமா, சார்?

சேராது, அது பாயிங்க் இல்லை. அங்கே அடையாளம் என்பது பெயர், அணி எண், பாஸ்கீ (உங்களுக்கு மட்டும் தரப்படும் ரகசியக் குறி) மூன்றும் சேர்ந்தது. பாஸ்கீ இல்லாமல் அதே பெயரை யார் போட்டாலும் புள்ளி அந்தப் பெயருக்கே போகும். பாஸ்கீயோடு 10 வேலைகளை முடித்து, வாங்கியதில் 80 சதவீதமாவது ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தால்தான் போனஸ் புள்ளியே தொடங்கும். பெயரை மாற்றினால் பழைய புள்ளி கூட வராது, அதனால் முதல் நாளே யோசித்துப் பெயர் வையுங்கள்.

கேள்வி: இப்படி எல்லாவற்றையும் இணைத்தால் என்னை யாரும் பின்தொடர மாட்டார்களா? எனக்குப் புள்ளியை விட அமைதிதான் முக்கியம்.

உங்கள் கவலை நியாயம், இதை யாரும் லேசாகச் சொல்லித் தள்ளக் கூடாது. வெளியிடும் கோப்பில் மின்னஞ்சல் இருக்காது. பெயர், நாடு, அணி, கிரெடிட், சிபிஐடி இருக்கும். ஆனால் சிபிஐடியின் வேலையே இணைப்பதுதான்: ஒரு திட்டத்தில் உங்கள் உண்மைப் பெயர் இருந்தால் மற்றத் திட்டங்களில் புனைபெயரில் இருப்பவரும் நீங்களே என்று தெரிந்துவிடும். 2018-ல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பாயிங்கில் சம்மதம் கேட்கும் வசதி சேர்ந்தது. அதைப் பயன்படுத்தும் திட்டங்களில் நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் உங்கள் விவரம் ஏற்றுமதியாகும். சிலர் திடீரென்று பட்டியலில் காணாமல் போவதற்கும் இதுவே காரணம், கணக்கு அமைப்பில் அந்தச் சம்மதத்தைப் பாருங்கள். கணினி விவரங்களை மறைக்கவும் தனி அமைப்பு உண்டு. இணைய வேண்டாம் என்றால் திட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், தனித்தனி ஆளாகவே இருப்பீர்கள். நீங்கள் செய்த கணக்கீடு எப்படியும் ஆய்வாளர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.