படி நெறைய புகை, உள்ள பிள்ளை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வடசேரி பக்கம் மூணு மாடி கட்டடத்துல ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கோம். போன மாசம் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், படிக்கு அடியில உள்ள மீட்டர் போர்டு தீப்பிடிச்சு பக்கத்துல நின்ன பைக்குக்கும் பரவிட்டு. கதவைத் திறந்தா ஒரே கறுப்பு புகை. அவரு பிள்ளையத் தூக்கிட்டு கீழ ஓடிரலாம்னாரு, நான்தான் வேண்டாம்னு கதவை அடைச்சு, துண்டை வெள்ளத்துல முக்கி கதவுக்கு அடியில திணிச்சுட்டு பால்கனியில நின்னு கத்துனோம். தீயணைப்புக்காரங்க ஏணி வச்சு இறக்குனாங்க. மூணாவது மாடியில தனியா இருந்த பாட்டி மூச்சுத்திணறலோட ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் கெடந்தாங்க, இப்போ தேறிட்டாங்க. ஆனா கதவை அடைக்கும்போது அவங்க நெனப்பே எனக்கு வரல, அது மனசை அறுக்குது. வீட்டுக்காரர் பெயிண்ட் அடிச்சுத் தாரேன் இருங்கங்காரு, காலி பண்ணினா அட்வான்ஸ்ல பிடிப்பாராம். என்ன செய்ய?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்தப் பாட்டி விஷயம். சூடான புகை மேலதான் ஏறும், தீப்பிடிச்சா படிக்கட்டு அடுப்புக்கு வச்ச புகைக்கூண்டு மாதிரி ஆயிரும். மூணாவது மாடிப் படியிலதான் புகை போய் அடைஞ்சு நின்னிருக்கும், நீங்க அவங்களத் தேடி ஏறியிருந்தா ரெண்டு மூணு மூச்சுலேயே மயங்கி விழுந்திருப்பீங்க, அதுல உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது நிறமும் கெடையாது. 2022 செப்டம்பர்ல செகந்திராபாத்துல கீழ் தளத்துல இருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம்ல பிடிச்ச தீயோட புகை ஏறி, மேல லாட்ஜ்ல தங்கியிருந்தவங்கள்ல 8 பேர் செத்துப்போனாங்க. நீங்க கதவை அடைச்சதுதான் உங்க பிள்ளைய காப்பாத்திருக்கு, இத நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. அந்த நேரத்துல பாட்டிக்காக செய்ய முடிஞ்சது, மேல ஆள் இருக்குன்னு பால்கனியில நின்னு கத்தி தீயணைப்புக்காரங்ககிட்ட சொல்றது மட்டும்தான். ஒருநாள் போய் அவங்க பக்கத்துல உக்காந்து பேசிட்டு வாங்க, உங்களுக்கும் மனசு லேசாகும்.

பிள்ளைக்கு இப்பவும் இருமலோ தொண்டைக் கம்மலோ இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, புகை குடிச்ச பாதிப்பு பொறவும் தெரியலாம். ராத்திரி எந்திரிச்சு அழுதா திட்டாதீங்க, கொஞ்ச நாள் கூடவே படுக்க வையுங்க.

இனி வீட்டு விஷயம். பெயிண்ட் அடிக்க விடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுருங்க, அடிச்சுட்டா சாட்சியே போச்சு. தீயணைப்பு நிலையத்துல எழுதிக் கொடுத்து அறிக்கை வாங்குங்க, அதுல தீ எங்க பிடிச்சுதுன்னு இருக்கும். தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகைச் சட்டத்துல, எழுத்துல வேற மாதிரி ஒப்பந்தம் இல்லன்னா உள் வயரிங் வெளி வயரிங் ரெண்டோட பராமரிப்பும் வீட்டுக்காரர் பொறுப்புன்னுதான் இருக்கு. படிக்கு அடியில உள்ள போர்டு எரிஞ்சதுக்கு உங்க அட்வான்ஸ்ல கைவைக்க என்ன நியாயம் இருக்கு? காலி பண்ணினா ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கணும், உங்க பாக்கி ஏதாவது இருந்தா அத மட்டும்தான் கழிக்கலாம். வாயால பேசாம எழுதிக் கேளுங்க. இருக்கணும்னு முடிவு பண்ணினீங்கன்னா பெயிண்ட் பத்தாது, புது வயர், புது போர்டு, கரண்ட் லீக்கேஜ் வந்தா தானா கட் ஆகுற ஆர்சிசிபி சுவிட்ச் போட்ட பொறவு குடியேறுங்க.

புகை படிஞ்ச டிவி, மிக்ஸிய அப்படியே ஆன் பண்ணாதீங்க, வயர் எரிஞ்ச புகையில ஆசிட் உண்டு, அது உள்ள போய் அரிச்சிருக்கும், மெக்கானிக் பாத்துட்டுச் சொல்லட்டும். செவுத்துக் கரியை நனைச்சுத் துடைச்சா இன்னும் அப்பிக்கும், காஞ்ச துணியால தட்டி எடுங்க. தெறந்து கெடந்த சாப்பாடு, மாவு, மருந்து எல்லாம் வெளிய போட்டுருங்க, பாவம் பாக்காதீங்க. ரூபா நோட்டு ஏதும் கருகி ஒட்டிப்போயிருந்தா பிரிக்காம ஒரு டப்பாவுல வையுங்க, ரொம்பக் கருகுனத பேங்க்ல வாங்கமாட்டாங்க, ரிசர்வ் பேங்க்கு கொண்டு போகணும், நமக்கு திருவனந்தபுரம்தான் கிட்ட.

கேள்வி: கீழ் வீட்டுத் தம்பி ராத்திரி முழுக்க படிக்கு அடியில எலக்ட்ரிக் ஸ்கூட்டர சார்ஜ் போடுறான். சொன்னா கோவப்படுவானோன்னு இருக்கு.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கோவப்பட்டாலும் சொல்லணும் அண்ணே. லித்தியம் பேட்டரியில ஒரு செல் சூடாகி வெடிச்சா அடுத்தடுத்த செல்லும் பிடிச்சுக்கும், அணைச்ச மாதிரி இருந்து மறுபடியும் எரியும். உங்க எல்லாருக்கும் வெளிய வர அந்த ஒரே வழிதானே உண்டு. முழிச்சிருக்க நேரத்துல, வெளி முற்றத்துல, கம்பெனி சார்ஜர்ல போடச் சொல்லுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். முற்றத்துல பிளக் இல்லன்னா நீங்க எல்லாருமா சேந்து வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு வச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க, அவனும் சம்மதிப்பான். 101 நம்பரை மீட்டர் போர்டு பக்கத்துல எழுதாதீங்க, எரியிற எடத்துல போய் யாரு படிக்க, வீட்டுக்குள்ள கதவுக்குப் பின்னால எழுதி ஒட்டுங்க.