பாசிக்குத் தீனி போடுவது யார்?

வீட்டுக் கொல்லையில் சிறு குளமோ அல்லித் தொட்டியோ வைத்திருப்பவர்களின் கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும்.

திருச்சியிலிருந்து: ஐயா, கொல்லையில் பத்தடிக்கு ஆறடி, இரண்டடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டி மீன் விட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, போர் தண்ணீர் நிரப்புகிறோம். ஒரே வாரத்தில் மறுபடியும் பச்சையாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். சுவரில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கிறதே, அதில்தான் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மாதாமாதம் நீங்கள் அவற்றைச் சுரண்டி எறிந்தால், மீனுக்கு நஞ்சான அம்மோனியா அப்படியே தண்ணீரில் தங்கும். பாசிக்கோ அது விருந்து.

இனி வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். அதையும் மேலிருந்து மொள்ளாமல், ஒரு குழாயை அடிவரை விட்டு வண்டலோடு உறிஞ்சி எடுங்கள். சருகும் மீன் எச்சமும் கலந்த அந்தக் கறுப்புத் தண்ணீரை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினால் செழித்து வளரும்.

அடுத்து, தீவனம். மீன்கள் இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். மிஞ்சிய தீவனம் அடியில் அழுகி, அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்குப் போகின்றன. வளர்ந்த மீன் வாரத்தில் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கிறது.

மதுரையிலிருந்து: மயில்துத்தம் போட்டால் பாசி உடனே போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகும். கூடவே மீனும் நத்தையும் போகக்கூடும். மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மீனின் செவுளைப் பாதிக்கிறது. உப்புச்சத்து குறைந்த மென்னீரில் அதன் நஞ்சு இன்னும் கடுமை. மீன் தப்பினாலும் ஆபத்து தீரவில்லை. மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். அழுகியதிலிருந்து வெளிவரும் சத்து அடுத்த பாசிக்கு உணவாகும். மீன் இருக்கும் குளத்தில் பிளீச்சிங் பவுடரையும் போடவே கூடாது.

கோவையிலிருந்து: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகின்றன. நோயா, ஐயா?

பதில்: நோய் இல்லை அம்மா, மூச்சுத் திணறல். உடனே கவனிக்க வேண்டிய விஷயம் இது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவும் மீனைப் போலச் சுவாசித்து ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கோடையில் நிலைமை இன்னும் மோசம்: 20 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் சுமார் 7.5 தான்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் பம்பை நிறுத்துகிறவர்கள் பலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பகலில் வேண்டுமானால் சற்று நேரம் நிறுத்துங்கள், இரவு முழுவதும் ஓட வேண்டும். தண்ணீர் ஓரடி உயரத்திலிருந்து சலசலத்து விழும்படி குழாயைத் திருப்பி வையுங்கள். மீன்கள் தேறும்வரை தீவனம் வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து: கொசுப்புழுவைத் தின்னக் கப்பி மீன் விட்டோம். அதன் பிறகுதான் தண்ணீர் பச்சையானது. தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். நல்ல குளத்து நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனையளவில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்தும். டாப்னியா என்று பெயர். பச்சைத் தண்ணீரை வடிகட்டித் தெளியவைப்பவை இவைதாம். கப்பி கொசுப்புழுவோடு இவற்றையும் தின்றுவிடுகிறது. அதற்காகக் கப்பியை எடுத்துவிடாதீர்கள், டெங்கு பரவும் ஊர்களில் அது தேவை. எண்ணிக்கையைக் குறைத்து, டாப்னியா ஒளிந்துகொள்ள வேர் அடர்ந்த செடிகளை வையுங்கள்.

சென்னையிலிருந்து: புல் கெண்டையோ, தொட்டி சுத்தம் செய்யும் சக்கர் மீனோ விடலாமா?

பதில்: புல் கெண்டை உங்கள் அல்லியைத் தின்னும், பச்சைத் தண்ணீரை ஒன்றும் செய்யாது. சக்கர் மீன் வேண்டவே வேண்டாம். வெள்ளத்தில் தப்பி ஏரிக்குப் போனால் நம் நாட்டு மீன்களுக்குக் கேடு.

யாழ்ப்பாணத்திலிருந்து: கிணற்று நீர்தான் ஊற்றுகிறோம். நீளநீளமாகத் தலைமுடி போல இழைப்பாசி வருகிறது. யூ.வி. விளக்கு வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். யூ.வி. விளக்கு அதன் வழியே ஓடும் தண்ணீரில் மிதக்கும் பாசியைத்தான் கொல்லும். கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும் இழை அதற்குள் போவதே இல்லை. நுனி பிளந்த மூங்கில் குச்சியை விட்டுச் சுழற்றுங்கள், கொத்தாகச் சுற்றிக்கொண்டு வரும். எறிவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் அலசுங்கள். மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் அதில் சிக்கியிருக்கும்.

உங்கள் பகுதியில் சுண்ணாம்புக்கல் நிலம். தோட்டத்து உரம் எளிதில் இறங்கிக் கிணற்று நீரில் நைட்ரேட்டாகச் சேர்கிறது. ஊற்றும் நீரிலேயே பாசிக்கு உணவு இருப்பதால், அதற்குப் போட்டியாகச் செடி வளர்ப்பதே வழி. கரையோரம் கல்வாழை, சேம்பு, வசம்பு, நீரில் வள்ளைக்கீரை. அல்லி இலைகள் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நீர்ப்பரப்பை மூடட்டும். மழைநீர் கிடைக்கும் காலத்தில் அதையே நிரப்புங்கள்.

சேலத்திலிருந்து: குளத்தின் ஓரத்தில் நீலப்பச்சை பெயின்ட் கொட்டியது போல ஏடு படிந்து நாறுகிறது. எங்கள் நாய் அங்கேதான் தண்ணீர் குடிக்கும்.

பதில்: இன்றே நாயைத் தடுத்துவிடுங்கள். குச்சியால் கிளறிப் பாருங்கள். இழையாகச் சிக்கினால் சாதாரணப் பாசி. பெயின்ட் போல ஒட்டி வழிந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் சில வகைகள் கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கையுறை போட்டுக்கொண்டு ஏட்டை மெல்ல வழித்தெடுத்துக் குழியில் புதையுங்கள். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள். நாய் ஏற்கெனவே குடித்து வாந்தியோ தள்ளாட்டமோ தெரிந்தால், காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். என்ன குடித்தது என்பதையும் சொல்லுங்கள்.