சனிக்கிழமை இரவும் திங்கட்கிழமைத் தலைவலியும்

கேள்வி: டாக்டர், எனக்கு 20 வயது. மதுரையில் கல்லூரிக்குப் பக்கத்தில் மூன்று நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு, 12 மணிக்கு மேல்தான் எனக்கு நிம்மதி. படிப்பேன், படம் வரைவேன், பாட்டுக் கேட்பேன். படுக்க 3 மணி ஆகிவிடும். காலை 7.30க்கு எழுந்து வகுப்புக்கு ஓடுவேன். சனிக்கிழமை இரவு நண்பர்களோடு பைக்கில் ஊர் சுற்றி, பரோட்டா சாப்பிட்டுத் திரும்பிப் படுக்கும்போது 3.30 ஆகும். ஞாயிறு மதியம் 1 மணி வரை தூக்கம். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை ஆனால் தலைபாரம், வகுப்பில் கண் சொக்குகிறது, நெஞ்சு எரிகிறது. அம்மா போனில் திட்டுகிறார்கள். நண்பன் மெலட்டோனின் மாத்திரை போடச் சொல்கிறான். போடலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம் தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெலட்டோனின் என்பது இருட்டியதும் நம் மூளையே சுரக்கும் பொருள்தான். வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பது முக்கியம். நேரம் தவறினால் உடம்பின் கடிகாரம் இன்னும் குழம்பும். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

ஏன் என்றால், தூக்கம் வராமல் தவிப்பவர் வேறு, வந்த தூக்கத்தைத் தள்ளிவைப்பவர் வேறு. உங்கள் கடிதத்தில் 'புரண்டு புரண்டு படுத்தேன்' என்று ஒரு வரிகூட இல்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறீர்கள். அந்த 12 மணிக்குப் பிந்திய அமைதியை விட மனசில்லாமல்தான் விழித்திருக்கிறீர்கள். நான்கு பேர் இருக்கும் அறையில் தனக்கென்று ஒரு பொழுது கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விடுதியில் ஆறு வருடம் இருந்த எனக்குத் தெரியும். அதனால் "சீக்கிரம் படு" என்று ஒற்றை வரியில் முடிக்க மாட்டேன்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வயதில் இரவு தள்ளிப் போவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. பருவ வயதிலிருந்தே மெலட்டோனின் சுரக்கத் தொடங்கும் நேரம் பின்னுக்குப் போகிறது. 20 வயதை ஒட்டித்தான் அது உச்சம். அப்புறம் மெல்ல முன்னால் வந்துவிடும். இந்த உடல் கடிகாரம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆகவே 10 மணிக்குப் படுக்கச் சொன்னால் உங்களால் முடியாது. 12, 12.30 முடியும்.

உங்கள் உண்மையான சிக்கல் சனிக்கிழமைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரநாளில் 3 மணியிலிருந்து 7.30 வரை தூக்கம். அதன் நடுப்புள்ளி 5.15. ஞாயிற்றுக்கிழமை 3.30 முதல் மதியம் 1 மணி வரை, நடுப்புள்ளி 8.15. மூன்று மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். நீங்கள் வாராவாரம் அதைப்போல இரண்டு மடங்கு மேற்கே போய், திங்கட்கிழமை காலையில் திரும்பி வருகிறீர்கள், மாட்டுத்தாவணியைத் தாண்டாமலேயே. திங்கட்கிழமை 7.30க்கு அலாரம் அடிக்கும்போது உடம்புக்கு அது நடுராத்திரி. தலைபாரம் வராமல் என்ன செய்யும்? அதோடு, உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் தூக்கம் வேண்டும். நாலரை மணி நேரம் தூங்கினால் ஐந்து நாளில் குறைந்தது பன்னிரண்டரை மணி நேரம் பாக்கி. ஞாயிறு ஒரு பகலில் அதை அடைக்க முடியாது.

அதனால் படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு, எழும் நேரத்தைப் பிடியுங்கள். தினமும் 7.30. ஞாயிற்றுக்கிழமை 8.30, ரொம்பப் போனால் 9. அன்று பகலில் சொக்கினால் 3 மணிக்குள் அரை மணி நேரம் படுத்து எழுந்துவிடுங்கள். காலையில் எழுந்தவுடன் மொட்டை மாடியிலோ தெருவிலோ இருபது நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். கண்ணில் படும் காலை வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும். இரவில் விளக்கை அணைக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒரு முறை இருபது நிமிடம் முன்னால் கொண்டுவந்தால் மூன்று, நான்கு வாரத்தில் 12.30ஐ நெருங்கிவிடலாம். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்த காபியின் காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

அந்தத் தனிமையை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். வரையும் நோட்டை எடுத்துக்கொண்டு மாலையில் தெப்பக்குளம் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நடு இரவின் அமைதி அங்கே இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நண்பர்களோடு வெளியே போவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகக் கடைவீதி இருந்ததாகச் சங்கப் பாட்டு சொல்லும் ஊர் இது. ஏழு மணிக்கே கிளம்பி, ஒன்பது மணிக்குள் பரோட்டாவை முடித்துவிடுங்கள். எண்ணெயும் சால்னாவும் வயிற்றில் இருக்கும்போதே படுத்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள், இடப்பக்கம் ஒருக்களித்து. நெஞ்செரிச்சலுக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். நள்ளிரவு தாண்டிப் பைக் ஓட்டாதீர்கள். பல வருடங்களுக்கு முன் அவசரப் பிரிவில் இரவுப் பணி. ஞாயிறு விடியற்காலை ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிவு, முகமெல்லாம் சிராய்ப்பு. அவன் கையில் மாட்டியிருந்த பார்சல் பையில் சால்னா இன்னும் சூடாக இருந்தது. ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. "கண்ணை மூடினது தெரியல சார்" என்றான், அவ்வளவுதான். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம் வரைதான். 7.30க்கு எழும் உங்களுக்கு 17 மணி நேரம் என்பது இரவு 12.30. அதற்குள் அறைக்குத் திரும்புங்கள். தாமதமானால் நால்வருமாக ஒரு ஆட்டோ பிடியுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் பகல் தூக்கம் போகவில்லை என்றால், ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடலாம். பலமாகக் குறட்டை விடுவதாக நண்பர்கள் சொன்னாலும் நேரில் வாருங்கள். அப்புறம், நண்பர்களோடு சிரித்துவிட்டு அறைக்கு வந்ததும் மனசு வெறுமையாகி, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதென்றால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நான்கு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். முதல் வரியில், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.