'ரீமாஸ்டர்' என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு அடுத்த மாதம் அறுபது வயது நிறைகிறது. ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ஆக்வாலங்' ஆல்பம் என்றால் அவருக்கு உயிர். அவருடைய அண்ணன் வைத்திருந்த இசைத்தட்டு கீறல் விழுந்து, இப்போது சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. புதிதாக ஒன்று வாங்கித் தரலாம் என்று ஆன்லைனில் தேடினால் தலை சுற்றுகிறது. 'ரீமாஸ்டர்', '25-ஆம் ஆண்டுப் பதிப்பு', '40-ஆம் ஆண்டுப் பதிப்பு', 'புதிய ஸ்டீரியோ மிக்ஸ்' என்று வரிசையாக வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைப்படம், ஆனால் விலையில் ஐந்தாறு மடங்கு வித்தியாசம். எதை வாங்குவது?
- ஒரு வாசகி, லண்டன்

பதில்: 'ரீமாஸ்டர்' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நீங்கள் தேட வேண்டிய சொல் 'ரீமிக்ஸ்'. அதோடு ஸ்டீவன் வில்சன் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கல்யாண வீட்டு குரூப் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிண்டை ஸ்டூடியோவில் கொடுத்தால் வெளிச்சத்தைக் கூட்டித் தருவார்கள், கறையைத் துடைத்துத் தருவார்கள். பின்வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்கும் சித்தப்பாவை முன்னால் கொண்டுவர முடியாது. ரீமாஸ்டர் என்பது அவ்வளவுதான்: பாட்டு, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஏற்கெனவே கலந்து இரண்டே சேனலாகிவிட்ட டேப்பை மெருகேற்றுவது. ரீமிக்ஸ் செய்பவர் அதற்கும் முந்தைய டேப்புக்குப் போகிறார். அதில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் இருக்கும். அத்தனை பேரையும் மறுபடி வரிசையாக நிற்க வைத்து எடுக்கும் படம் அது.

எல்லா ஆல்பத்துக்கும் இது தேவைப்படாது. 'ஆக்வாலங்' விஷயத்தில் ரொம்பவே தேவைப்பட்டது. 1971 மார்ச்சில் வெளிவந்த இந்த ஆல்பத்தை லண்டனில் பேசிங் தெருவில் இருந்த ஐலண்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். முன்பு சர்ச்சாக இருந்த கட்டடம், ஸ்டூடியோவாக மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதே கட்டடத்தின் இன்னொரு அறையில் லெட் ஜெப்லின் தங்கள் நான்காவது ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். புது இடத்தின் ஒலி ஜெத்ரோ டல் குழுவுக்குப் பிடிபடவில்லை. பாட்டுகள் அபாரம், ஆனால் கேட்டால் டிரம்ஸுக்கும் நமக்கும் நடுவே யாரோ கம்பளி மாட்டி வைத்த மாதிரி இருக்கும். நாற்பது வருடம் ரசிகர்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1996-இல் 25-ஆம் ஆண்டுக்காக ரீமாஸ்டர் வந்தது. கூடுதல் பாட்டுகள் கிடைத்தன, ஆனால் கம்பளி அங்கேயேதான் தொங்கியது. கலவையிலேயே இருக்கிற குறையை மெருகு எப்படித் தீர்க்கும்?

2011-இல்தான் 'போர்குபைன் ட்ரீ' குழுவின் ஸ்டீவன் வில்சன் மூல டேப்புகளிலிருந்து புதிதாகக் கலந்து கொடுத்தார். தலைப்புப் பாட்டில் அந்த ஆறு சுர கிட்டார் அடி ஓய்ந்து, பாடகர் இயன் ஆண்டர்சனின் குரல் டெலிபோனில் பேசுவது போல மெலிந்து வரும் இடம் உண்டே, அங்கே அக்கூஸ்டிக் கிட்டாரின் கம்பியை விரல் தொடுவது வரை கேட்கிறது. 'லோகோமோட்டிவ் பிரெத்' பாட்டின் தொடக்கத்தில் ஜான் எவன் வாசிக்கும் பியானோவும் அப்படித்தான், பக்கத்து அறையிலிருந்து நம் அறைக்கே வந்துவிட்டது.

இதிலும் ஒரு சின்னச் சிக்கல். 2011-இல் வந்த சிடியில் ரீமிக்ஸின் மேல் இன்னொருவர் மாஸ்டரிங் செய்து, சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டார்கள். 2016-இல் புத்தக வடிவில், இரண்டு சிடி இரண்டு டிவிடியோடு வந்த பதிப்பில் வில்சனின் கலவை அவர் கொடுத்தபடியே இருக்கிறது. பழைய 1971 கலவையும் அதன் டிவிடியில் இருக்கிறது. அதனால் உங்கள் கணவர் 'என்ன இருந்தாலும் பழசு பழசுதான்' என்று சொல்லும் ரகமாக இருந்தாலும் கவலை இல்லை. நான் வாங்கித் தருவதாக இருந்தால் இதைத்தான் தருவேன். எல்பி அளவுப் பெட்டியில் இசைத்தட்டு, சிடி, டிவிடி, புளூரே எல்லாம் சேர்ந்து 2011-இல் வந்தது, சேகரிப்பவர்களுக்கானது. வீட்டில் புளூரே பிளேயரும் ஐந்து ஸ்பீக்கரும் இல்லாவிட்டால் அதில் பாதி அலமாரிக்குத்தான்.

சுவரில் தொங்குவதைக் கழற்ற வேண்டாம். அந்த அட்டை, ஒரு கிழவரை பர்ட்டன் சில்வர்மன் வரைந்த ஓவியம். தேம்ஸ் நதிக் கரையில் வீடில்லாத மனிதர்களை ஆண்டர்சனின் அப்போதைய மனைவி ஜெனி எடுத்த புகைப்படங்களிலிருந்து பிறந்ததுதான் தலைப்புப் பாட்டு. சிடி அளவுக்குச் சுருக்கினால் ஓவியத்தில் அந்தக் கிழவரின் முறைப்பு போய்விடுகிறது.

கேள்வி: ஒரு ராக் ஆல்பத்தின் மறுபதிப்பை ஆன்லைனில் வாங்கினேன். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் கேட்டால் என் பழைய சிடியை விட மோசம், ஒரே இரைச்சல். திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். ஆன்லைனில் வாங்கினால் 14 நாள் அவகாசம் உண்டு என்று கேள்விப்பட்டேனே?
- ஒரு வாசகர், பர்மிங்காம்

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் உறையைப் பிரித்துவிட்டீர்கள். பிரிட்டனில் 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, ஆன்லைனில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். சீல் வைத்த இசை, வீடியோ பதிவுகளுக்கு மட்டும் ஒரு விலக்கு: சீலைப் பிரித்ததும் அந்த உரிமை போய்விடும். பிரித்து நகலெடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புவார்களே என்ற பயம்தான் காரணம்.

பழுது என்றால் கதை வேறு. சிடி ஒரே இடத்தில் குதிக்கிறது, இசைத்தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது, பெட்டியில் போட்டிருக்கிற டிவிடி உள்ளே இல்லை என்றால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். சீல் பிரித்ததெல்லாம் கணக்கில் வராது. 30 நாளுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு என்றால், மாற்றித் தரவோ சரிசெய்யவோ விற்றவருக்கு முதலில் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இந்த உரிமைகள் வியாபாரியிடம் வாங்கினால்தான். யாரோ ஒருவர் தன் வீட்டில் இருந்ததை விற்றார் என்றால் இவ்வளவு பிடி கிடைக்காது.

'இரைச்சலாக இருக்கிறது' என்பதைப் பழுது என்று நிரூபிப்பது கஷ்டம். அது பதிப்பை வெளியிட்டவர்கள் வேண்டுமென்றே செய்தது. மெதுவான இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கி நிறுத்துவது ஒரு காலத்தில் பெரிய மோகமாக இருந்தது. நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு ரீமாஸ்டர் சிடியைப் போட்டதும் ஆஹா என்று இருந்தது, நண்பர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அரை மணி நேரத்தில் தலைவலி. அப்புறம் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பழைய சிடியையும் புதியதையும் திறந்து பார்த்தேன். பழையதில் மலையும் மடுவுமாக அலைகள். புதியதில் மேலும் கீழும் கத்தரியால் வெட்டிய மாதிரி ஒரு பட்டை, அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இரண்டு பதிப்பை ஒப்பிடும்போது, உரத்துக் கேட்பதன் வால்யூமைக் குறைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தீர்ப்பு. சத்தம் கூடுதலாக இருப்பதெல்லாம் காதுக்கு நன்றாக இருப்பதாகவே தோன்றும். உங்கள் சிடியையும் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பழைய சிடி கடையில் தள்ளிவிடுங்கள். அடுத்த தடவை, உறையைப் பிரிப்பதற்கு முன் அதே பதிப்பை ஸ்ட்ரீமிங்கில் இரண்டு பாட்டாவது கேட்டுவிடுங்கள். ஒரே ஆல்பம் அங்கே இரண்டு மூன்று பதிப்பாகக் கிடக்கும், தலைப்பில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: 180 கிராம் இசைத்தட்டு சாதாரணத் தட்டைவிட நன்றாக ஒலிக்குமா? கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: எடைக்கும் ஒலிக்கும் சம்பந்தம் இல்லை. கனமான தட்டு கையில் எடுக்கச் சுகம், அவ்வளவே. எந்த டேப்பிலிருந்து தட்டின் வரிப்பள்ளங்களை வெட்டினார்கள், யார் வெட்டினார்கள் என்று உறையிலோ விளம்பரத்திலோ போட்டிருந்தால் அதற்குக் காசு கொடுங்கள். கிராம் கணக்கை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு மற்றதைப் பற்றி மூச்சே விடவில்லை என்றால், அந்தத் தட்டை அப்படியே கடையில் விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: பழைய பொருள் கடையில் எண்பதுகளின் சிடிகள் ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கின்றன. பின்பக்கத்தில் 'ஏஏடி' என்று மூன்று எழுத்து. தரம் குறைந்தது என்று அர்த்தமா?

பதில்: இல்லை. அனலாகில் பதிவு, அனலாகில் கலவை, டிஜிட்டலில் மாஸ்டரிங் என்பதன் சுருக்கம் அது. எழுபதுகளின் ஆல்பங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அந்தக் காலச் சிடிகளில் சத்தத்தைத் தூக்கும் மோகம் இன்னும் வரவில்லை. சில சிடி தட்டையாக ஒலிக்கும், சில சிடி இன்றைய ஆடம்பரப் பதிப்பையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். வாங்குமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் வேண்டாம். ஓரத்தில் செம்பு நிறம் ஏறியிருந்தாலும் தொடாதீர்கள்.